உப்பு பார்த்துச் சொல்கிறவர்கள்

சேர்ந்து உண்டால் மனம் தேறும் என்கிறார்கள். மனநல முகாம்களில், கருத்தரங்குகளில், சுவரொட்டிகளில் இந்த வாக்கியம் ஏதோ ஒரு வடிவத்தில் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கிறது. மறுப்பதற்கு என்னிடம் எதுவும் இல்லை. ஆனாலும் கேட்கும்போதெல்லாம் நெருடுகிறது. விழுப்புரம் மாவட்டத்து மரக்காணத்துக் கரையை அறிந்தவர்களுக்குச் சேர்ந்து உண்பது அவ்வளவு லேசான சங்கதி இல்லை என்பது காரணமாக இருக்கலாம். யார் வீட்டுத் தண்ணீரை யார் வாங்கிக் குடிப்பார்கள், யாருக்குத் திண்ணையில் தட்டு வரும், யாருக்குக் கொல்லைப்புறத்தில் என்பதெல்லாம் ஒருவர் பிறக்கும் முன்பே முடிவாகிவிட்ட கணக்கு. மனம் கலங்கிப் போன ஒருவரை அந்தக் கணக்குக்குள் மறுபடி உட்கார வைப்பதைத்தான் தேறுதல் என்கிறோமா? இல்லை, அந்தக் கணக்கு எங்கேயாவது பிசகும்போதுதான் அவர் தேறுகிறாரா? சமூகமே மருந்து என்று சொல்கிறவர்கள் எந்தச் சமூகத்தை மனத்தில் வைத்துக்கொண்டு சொல்கிறார்கள் என்பது எனக்குப் பிடிபடவே இல்லை. ஒருவரை நோயில் தள்ளியதில் அதே ஊருக்கும் தெருவுக்கும் வீட்டுக்கும் பங்கு இருந்திருந்தால் என்ன செய்வது?

இந்தக் கரையின் உப்பளங்களில் வேலை விடியலுக்கு முன்பே தொடங்கிவிடும். வெயில் ஏறிவிட்டால் பாத்தியில் கண்ணைத் திறந்து நிற்க முடியாது. வெளிச்சம் வானத்திலிருந்து அடிப்பது போதாதென்று தரையிலிருந்தும் அடிக்கும். ஆண்கள் பலகையால் உப்பை வாரி வரப்போரம் ஒதுக்க, பெண்கள் அதைக் கூடையில் அள்ளித் தலையில் சுமந்து மேட்டில் கொட்டுவார்கள். கணுக்கால் வெடிப்பில் உப்புநீர் இறங்கும் எரிச்சலைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பேசி என்ன ஆகப்போகிறது. ஒன்பது, பத்து மணி வாக்கில் கை கழுவிவிட்டு உட்காருவார்கள். கழுவினாலும் விரல் நுனியின் கரிப்பு போகாது. முதல் வாய்க்கு அதுவே தொடுகறி. தூக்குவாளிகள் திறக்கும்: கேழ்வரகுக் கூழ், பழைய சோறு, நேற்றைய மீன்குழம்பு, சுட்ட கருவாடு, பச்சை மிளகாய். யார் வாளியில் என்ன இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்தாக வேண்டும். ஒரு வீட்டுக் குழம்பு இன்னொரு வீட்டுக் கூழுக்குப் போகாமல் அந்த உட்காரல் முடியாது. அப்போது நடக்கும் பேச்சு பெரும்பாலும் குறைதான். “என்னக்கா, இன்னிக்கி உப்பே போடலியா?” என்று ஒருத்தி கேட்பாள். உப்பு மேட்டின் காலடியில் உட்கார்ந்துகொண்டு கேட்கிற கேள்வி. “அளத்துல கொட்டினது போதாதா, குழம்புலயும் கொட்டணுமா?” என்று பதில் வரும். சிரிப்பு. நான் விடாமல் சுற்றி வருவது இந்த இடத்தைத்தான். உணவு பகிரப்பட்டது என்பதைவிட, அதில் குறை சொல்ல ஒருத்திக்கு இடம் இருந்தது, அந்தக் குறை பதிலுக்குத் தகுந்த பேச்சாக எடுத்துக்கொள்ளப்பட்டது என்பது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இந்தக் கரையின் பசிக்கு ஒரு பழைய சாட்சி இருக்கிறது. சிறுபாணாற்றுப்படை பாடிய நத்தத்தனார் இடைக்கழி நாட்டு நல்லூர்க்காரர். மரக்காணத்துக்கு வடக்கே, கடலுக்கும் கழிக்கும் நடுவே நீளும் துண்டு நிலத்துக்கு இன்றும் இடைக்கழிநாடு என்றுதான் பெயர். அவர் பாடிய எயிற்பட்டினம் மரக்காணமே என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. ஓய்மா நாட்டு நல்லியக்கோடனிடம் பரிசு பெற்றுத் திரும்பும் பாணன், தன் வீடு முன்பு எப்படி இருந்தது என்று வழியில் எதிர்ப்பட்ட இன்னொரு பாணனிடம் சொல்கிறான். கூரை சரிந்த அடுப்படி. கண் திறக்காத குட்டிகள் பால் குடிக்க வரும்போது, தர ஒன்றுமில்லாமல் நோவில் குரைக்கும் நாய். சுவரில் கறையான், தரையில் காளான். பசியில் மெலிந்த பெண், குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து உப்பில்லாமல் வேக வைக்கிறாள். யாரும் பார்த்துவிடப் போகிறார்களே என்று கூசிக் கதவைச் சாத்திவிட்டு, பெரிய சுற்றத்தோடு சேர்ந்து அதைத் தின்கிறார்கள். அளங்கள் விரிந்து கிடக்கும் கரையைச் சேர்ந்த புலவர், உப்புக்கு வழியில்லாத ஓர் அடுப்பைப் பாடியிருக்கிறார் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். எனக்கு அந்தச் சாத்திய கதவுதான் மறக்கவில்லை. உள்ளே பகிர்தல் இருக்கிறது. குறையே இல்லாத பகிர்தல். இருந்ததை எல்லோரும் சேர்ந்தே உண்டார்கள். ஆனால் வெட்கம் கதவைச் சாத்திவிட்டது. மனநோய் உள்ள ஒருவர் இருக்கும் வீட்டுக்குள் போய்ப் பார்த்தவர்களுக்கு இந்தக் கதவு தெரியும். அன்பு இல்லாத வீடு என்று சொல்லிவிட முடியாது. ஊட்டிக்கூட விடுவார்கள். கதவுதான் திறக்காது. ஆகவே சேர்ந்து உண்பது என்பது மட்டும் போதாது என்று அந்தப் பாட்டே சொல்லிவிட்டதாக நான் எடுத்துக்கொள்கிறேன், தமிழாசிரியர்கள் கோபித்துக்கொள்ளலாம்.

என் அத்தை ஒருத்தி சில வருஷம் அப்படி இருந்தாள். அவளுக்கென்று ஓர் அலுமினியத் தட்டு, ஒரு டம்ளர். தொற்றுநோய் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். இருந்தும் தட்டு தனி. மூன்று வேளையும் சோறு நேரத்துக்குப் போகும். “சாப்ட்டாளா?” என்று வீட்டில் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வார்கள், அவளைக் கேட்கமாட்டார்கள். மாத்திரை போட்டால் அகோரப் பசி எடுக்கும். இந்த வகை மருந்துகளில் சில அப்படித்தான் செய்யும். அந்தப் பசியும் அவள் குற்றமாக எண்ணப்பட்டது. ஒரு நாள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, “சப்புனு கெடக்குது” என்றாள். வீடு பதறிவிட்டது. மறுபடி ஆரம்பித்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். மறுநாளே டாக்டரிடம் அழைத்துப் போகலாமா என்ற யோசனை. அன்றைக்குக் குழம்பில் உண்மையாகவே உப்பு இல்லை. அதை முதலில் ஒப்புக்கொண்டது வீட்டில் ஒரு சின்னப் பையன். அவன் சொன்னதும் உப்பு ஜாடி வந்தது. அத்தை சொன்னபோது அது அறிகுறி. பையன் சொன்னபோது அது உப்பு. நோய்க்குப் பிறகு ஒரு மனுஷிக்கு இல்லாமல் போவது சோறு அல்ல என்று அன்றைக்கே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும் என்று எழுதினால் அது பொய். வெகு காலம் கழித்துத்தான் தோன்றியது. நாக்கு அவளுடையதுதான். அது சொல்வதை நம்புகிறவர்கள்தான் இல்லாமல் போனார்கள்.

உப்புக்கும் இந்த நோய்களுக்கும் வேறோர் உறவும் உண்டு, அது உவமை இல்லை, உடல் சங்கதி. 1949இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட், லித்தியம் என்ற எளிய உப்பு பித்தின் உச்சத்தில் இருப்பவர்களை அமைதிப்படுத்துகிறது என்று எழுதினார். அதே ஆண்டு அமெரிக்காவில், சாப்பாட்டு உப்பைத் தவிர்க்க வேண்டிய இதய நோயாளிகளுக்கு மாற்று உப்பாக விற்ற லித்தியம் குளோரைடு சிலரைக் கொன்றது. காரணம், சிறுநீரகத்துக்கு லித்தியத்தையும் சோடியத்தையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. உடம்பில் சாதாரண உப்பு குறைந்தால் அது லித்தியத்தைச் சேர்த்துப் பிடித்து வைத்துக்கொள்ளும். அளவு ஏறி நஞ்சாகும். எனவே லித்தியம் சாப்பிடுகிறவர் திடீரென்று உப்பைக் குறைக்கக் கூடாது, வேர்த்து விறுவிறுத்து நீர் இழக்கக் கூடாது. உப்பளத்தில் நாளெல்லாம் வேர்க்கிற ஒருவருக்கு இந்த மாத்திரையை எழுதித் தரும் டாக்டர், அவர் என்ன வேலை செய்கிறார், வாளியில் என்ன கொண்டு போகிறார், எத்தனை செம்பு தண்ணீர் குடிக்கிறார் என்று கேட்டாக வேண்டும். கைநடுக்கமும் தள்ளாட்டமும் வயிற்றுப்போக்கும் முதலில் யார் கண்ணில் படும்? மாதம் ஒரு முறை பார்க்கும் டாக்டர் கண்ணில் அல்ல, வரப்பில் பக்கத்தில் உட்கார்ந்து கூழ் குடிக்கிறவள் கண்ணில்தான். “கூழைக் கூட ஒழுங்கா புடிக்க மாட்டேங்கிற, என்னாச்சு?” என்று அவள் கேட்பதற்கு, மாத்திரை சாப்பிடுகிறவர் அவள் பக்கத்தில் உட்கார்ந்து உண்கிற ஆளாக இருக்க வேண்டும். சேர்ந்து உண்பதன் பயன் என்று யாராவது என்னிடம் ஒற்றை உதாரணம் கேட்டால் இதைத்தான் சொல்வேன். இதில் கனிவு பொங்கும் காட்சி எதுவும் இல்லை. பார்வை படும் தூரத்தில் ஒருவர் இருக்கிறார், அவ்வளவுதான்.

பார்வை படாத தூரம் என்ன செய்யும் என்பதைத் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ஏர்வாடியில் ஒரு காப்பகத்துக் கொட்டகை தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் கருகிப் போனார்கள். அதைக் கேட்டு உச்சுக்கொட்டிய எங்கள் விழுப்புரம் மாவட்டத்தில், 2023 பிப்ரவரியில் குண்டலப்புலியூர் அன்புஜோதி ஆசிரமத்திலிருந்து 140க்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டார்கள். அங்கே இருந்தவர்கள் காணாமல் போனதாகவும், அடித்து, கட்டிவைத்து, பாலியல் கொடுமை செய்ததாகவும் புகார்கள் எழுந்து வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. இரண்டு இடத்திலும் சோறு போட்டிருப்பார்கள். பெரிய அண்டாவில், பலர் வரிசையாக உட்கார, ஒரே நேரத்தில். வெளியிலிருந்து பார்த்தால் அதுவும் பந்திதான். பிறந்தநாளைக்கும் திதிக்கும் நம்மில் பலர் இப்படிப்பட்ட இடங்களுக்குச் சாப்பாட்டுக்குப் பணம் கட்டியிருக்கிறோம். வடை பாயசத்தோடு ஒரு வேளை. வாங்கி உண்கிறவர் வணங்க வேண்டும், படத்துக்கு நிற்க வேண்டும். பாயசத்தில் இனிப்பு பத்தவில்லை என்று அங்கே ஒருவர் சொன்னால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்க்கிறேன். வள்ளலார் 1867இல் வடலூரில் மூட்டிய தருமசாலை அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. வருகிறவர் யாரென்று கேளாமல் அது சோறு போடுகிறது. அந்த அடுப்பின் முன் எனக்கு வாயடைத்துப் போகிறது. ஆனால் பசியைத் தீர்ப்பதும், ஒருவரைத் திரும்ப ஆளாக எண்ணுவதும் ஒரே வேலை இல்லை. யாரென்று கேளாமல் போடுவது முதலாவதற்கு அழகு. இரண்டாவதற்கு யாரென்று கேட்டே ஆக வேண்டும்.

அப்படிக் கேட்டுப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் வித்யாசாகர் என்ற மருத்துவர், நோயாளிகளின் குடும்பங்களை வளாகத்திலேயே கூடாரம் அடித்துத் தங்கச் செய்தார். வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையம் 1957இலிருந்தே குடும்பத்தார் உடனிருப்பதை நடைமுறையாக வைத்திருக்கிறது. வீட்டார் கூடவே இருந்தால் நோயாளி ‘வார்டில் ஒரு கட்டில்’ ஆவதில்லை. புளிப்பு பிடிக்காத மகன், காரம் தாங்காத அண்ணி என்றே இருக்கிறார். வீட்டாரே இல்லாதவர்கள்? 1993இல் சென்னையில் தொடங்கிய பேனியன் அமைப்பு, மருத்துவமனையிலும் காப்பகத்திலும் வருஷக்கணக்கில் தங்கிப்போன, திரும்பிப் போக வீடில்லாத பெண்களுக்காக 2015இல் ‘ஹோம் அகெய்ன்’ என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. நாலைந்து பேர் சேர்ந்து சாதாரணத் தெருவில் ஒரு வாடகை வீட்டில் வாழ்வார்கள். துணைக்கு உதவியாளர்கள் உண்டு. 2021இல் உலக சுகாதார நிறுவனம் நல்ல முன்மாதிரிகளைப் பட்டியலிட்டபோது இதையும் சேர்த்தது. அதில் என்னைப் பிடித்து நிறுத்துவது சின்ன விஷயம்தான்: சந்தைக்குப் போவது, அரிசி எவ்வளவு போடுவது, இன்றைக்குக் குழம்பா ரசமா என்பது. இருபது வருஷம் மணியடித்ததும் தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்ற ஒரு பெண்ணிடம் “இன்னிக்கி என்ன வெக்கலாம்?” என்று கேட்டால், முதல் நாள் அவளால் பதில் சொல்ல முடியுமா? முடியாது என்றுதான் நினைக்கிறேன். அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் நிற்பதும், மறுநாள் மறுபடி அதே கேள்வி வருவதும், அதற்கு மறுநாளும் வருவதும்தான் சிகிச்சை. பெல்ஜியத்தில் கீல் என்ற ஊர் நூற்றாண்டுகளாக இந்தக் காரியத்தைச் செய்கிறது. அங்கே மனநோயாளிகள் குடியானவர்கள் வீட்டில் தங்கி, அவர்கள் மேசையிலேயே உண்டு, அவர்கள் வேலையைப் பகிர்ந்துகொள்கிறார்கள். 1930களின் இறுதியில் அப்படி 3,000க்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். அது ஐரோப்பா, நமக்கு ஆகாது என்று சொல்கிறவர்களுக்கு வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயில் இருக்கிறது. அங்கே தங்கிய 31 பேரைப் பற்றி 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வு வந்தது. மருந்து இல்லாமல், சடங்கும் பெரிதாக இல்லாமல், கோயிலைப் பெருக்கிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றி, உறவினர் ஒருவரோடு ஏறக்குறைய ஆறு வாரம் இருந்ததில், நோயின் கடுமை ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியிருந்தது. ஐந்தில் ஒரு பங்கு கொஞ்சம் இல்லை. மீதி நாலு பங்கையும் மறக்கக் கூடாது. மாத்திரையை நிறுத்திவிட்டுப் பந்தியில் உட்கார்ந்தால் போதும் என்று இதிலிருந்து எவரும் கிளம்பிவிடக் கூடாதே என்ற பயம் எனக்கு உண்டு.

இன்னொரு பயமும் உண்டு. ஏழை நாடுகளில் மனச்சிதைவு சீக்கிரம் தேறுகிறது, ஆக்ராவில் தேறியதுபோல் லண்டனில் தேறவில்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் பழைய ஆய்வு சொன்னதைக் கொண்டாடி நம் கூட்டுக்குடும்பத்துக்கு மாலை போடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்த முடிவைக் கேள்வி கேட்டவர்களும் உண்டு. நான் ஆய்வாளன் இல்லை. ஊரைப் பார்த்தே பேச முடியும். மரக்காணத்தில் 2013 ஏப்ரல் 25 அன்று, மாமல்லபுரத்துச் சித்திரை முழுநிலவு விழாவுக்கு வண்டிகள் போன நாளில் வெடித்த மோதலில், தலித் மக்கள் குடியிருக்கும் கட்டையன் தெருவில் வீடுகள் எரிந்தன. எரித்ததும் சமூகம்தான். வீடு எரிந்த ஒருவருக்கு இரவில் தூக்கம் போய், சத்தம் கேட்டால் உடல் உதறத் தொடங்கினால், அவரைச் சமூகத்தோடு சேர்த்து உட்கார வையுங்கள் என்று சீட்டு எழுதித் தர முடியுமா? சேர்ந்து உட்காருவது என்று பார்த்தால், இந்தக் கரையில் ஆண்களுக்கு மிக எளிதாகக் கிடைக்கும் வட்டம் குடிவட்டம். அங்கே தொடுகறி பகிரப்படும், தோளில் கை விழும், வீட்டில் சொல்லாததைச் சொல்லி அழ முடியும். 2023 மே மாதம் எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்துப் பத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். தனியாகக் குடித்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? அந்த வட்டத்தைத் திட்டுவது சுலபம். அது தந்த ஆறுதலை வேறு எந்த இடம் அவர்களுக்குத் தந்தது என்று கேட்டால் பதில் வராது.

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. சமூகத்தில் வாழவும், அதிலிருந்து ஒதுக்கப்படாமல் இருக்கவும் மனநோய் உள்ளவருக்கு உரிமை உண்டு என்கிறது அதன் 19ஆம் பிரிவு. உரிமை என்று எழுதியது நல்லது, இரக்கம் என்று எழுதவில்லை. ஆனால் சமூகம் எங்கே, எத்தனை மணிக்குக் கூடுகிறது என்று சட்டம் சொல்லாது. அளத்தில் அது காலை பத்து மணிக்குக் கூடுகிறது, அதுவும் உப்பு விளையும் மாதங்களில் மட்டும். ஐப்பசியில் மழை இறங்கிப் பாத்திகள் மூழ்கிவிட்டால் தூக்குவாளிகளும் வீட்டோடு தங்கிவிடும். மழைக்காலத்துக்கென்று உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு அரசு 5,000 ரூபாய் தருகிறது, அரிசிக்கு ஆகும். வரப்பில் பக்கத்தில் உட்கார்ந்து நடுக்கத்தைக் கவனித்த அந்தப் பெண் இப்போது தன் வீட்டில் இருப்பாள், மாத்திரை சாப்பிடுகிறவர் தன் வீட்டில். தெருவில் தண்ணீர் நிற்கும். மாத்திரை வாங்க திண்டிவனமோ புதுச்சேரியோ போவதும் அந்த மாதங்களில்தான் தள்ளிப்போகும்.

ஊருக்கு ஊர் ஒரு சமையலறை இருக்கிறதே என்று எனக்கு எண்ணம் ஓடும். எம்.ஜி.ஆர். 1982 ஜூலையில் சத்துணவைத் தொடங்கியதிலிருந்து பள்ளிதோறும் அடுப்பும் அண்டாவும் உண்டு. 2022 செப்டம்பரிலிருந்து காலை உணவும் வந்துவிட்டது. மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் அந்தக் கூடத்தில் ஆள் இருப்பதில்லை. மழை மாதங்களில் அங்கே பத்துப் பேர் கூடிக் காய் நறுக்கி, ஒரு குழம்பு வைத்து, உட்கார்ந்து சாப்பிட்டால் என்ன? தேறி வருகிற ஒருவரோ இருவரோ அந்தப் பத்துப் பேரில் இருக்கட்டும், நோயாளி என்ற அட்டை இல்லாமல். செலவு பெரிதில்லை. தடை வேறு. 2018இல் அவிநாசிக்கு அருகே ஓர் அரசுப் பள்ளியில் தலித் பெண் ஒருவர் சத்துணவு சமைக்கக் கூடாது என்று பெற்றோர் சிலர் மறித்தார்கள். சாதியின் பெயரால் ஒரு கையை மறிக்கிறவர்கள், பைத்தியம் என்று பேரெடுத்த கை கரண்டி பிடிப்பதை விட்டுவைப்பார்களா? ‘கீழ்ப்பாக்கம்’ என்ற ஊர்ப்பேரையே வசவாக்கிச் சிரிக்கிற நாம்? அந்தக் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையில் நோயாளிகளே வேலை செய்யும் ரொட்டிக்கூடம் ஒன்று உண்டு என்பதை எங்கள் பக்கத்தில் சொன்னால், “அத யாரு திங்கிறாங்க?” என்பதுதான் முதலில் வரும் கேள்வி. கேட்கிறவர் கெட்டவர் இல்லை. பக்கத்து வீட்டுக்கு நோவென்றால் கஞ்சி கொண்டு போகிறவர்தான். கொண்டுபோய்க் கொடுப்பார். அந்த வீட்டில் ஒரு வாய் வாங்கிச் சாப்பிடுவாரா என்பதில்தான் எனக்கு நிச்சயம் இல்லை.